காலனி வீட்டின் விலை

டில்லி,
5-9-1982

அன்புள்ள தங்கை வீராயிக்கு,

அக்கா முத்தம்மா எழுதுவது. நான் சுகம். உன் வீட்டுக்காரரும் சுகமாக வேலைக்குப் போய் வருகிறார். நீ, பூங்கோதை, மாமியார் மூவரும் சுகம்தானா என்று ஒரு வரி எழுது.

சத்துணவுக் கூடத்தில் உனக்குச் சமையல் வேலை கிடைத்த சேதி கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அறுபது ரூபாய்தான் என்றாலும் மாதம் பிறந்தால் கைக்கு வரும். எட்டாவது வரை படித்த மருமகள் எதற்கு ஆவாள் என்று கேட்டுக்கொண்டிருந்த மாமியார் இப்போது என்ன சொல்கிறார்?

இங்கே மழை விட்டுவிட்டது. காலனித் தெருவில் தண்ணீர்தான் இன்னும் வடியவில்லை. லோதி ரோட்டில் மூன்று வீட்டு வேலையும் அப்படியே நடக்கிறது. அனந்தலக்ஷ்மி அம்மா வீட்டில் ஐந்து ரூபாய் ஏற்றிக் கொடுத்தார்கள்.

ஒரு காரியம் உன்னால் ஆக வேண்டும். உனக்கும் கொழுந்தனுக்கும் கல்யாணம் நடந்த தேதியைப் போட்டு, இன்றைக்கும் நீதான் அவர் மனைவி என்று கிராம அதிகாரியிடம் ஒரு சர்டிபிகேட் வாங்கி அனுப்பு. சீல் அவசியம். என் பென்சன் விஷயமாகக் குடும்ப விவரம் கேட்கிறார்கள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் தாமதம் செய்யாதே.

பூங்கோதைக்குப் பாவாடைத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
முத்தம்மா


மேட்டுக்குறிச்சி,
21-9-1982

அன்புள்ள அக்காவுக்கு,

வீராயி வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். உங்களுக்கு முழங்கால் வலி இருந்ததே, அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வலித்தால் வலிக்கிறது என்று எழுதுங்கள், தபால்காரர் அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்.

நூற்றிருபது பிள்ளைகளுக்கு உலை வைக்கிறேன். முதல் வாரம் சோறு குழைந்தது, இப்போது பரவாயில்லை. முதல் மாதச் சம்பளத்தை மாமியார் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, 'ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் பொங்கிப் போடற, உம் வயித்துல ஒரு ஆம்பளப் புள்ள தங்கலியே' என்றார். சம்பளம் வாங்கினாலும் அதுதான், வாங்காவிட்டாலும் அதுதான்.

ஆடி மாதம் திரௌபதி அம்மன் கோவிலில் மூன்றாவது முறையாகத் தீ மிதித்தேன். சின்னசேலத்து வைத்தியர் இந்த முறை வேறு லேகியம் கொடுத்திருக்கிறார். நாற்பத்தெட்டு நாள். வேப்பங்காயை அரைத்த மாதிரி இருக்கிறது. பூங்கோதைக்கு ஒன்பது வயது முடியப்போகிறது. அவருக்கு லீவு கிடைத்தால் தீபாவளிக்காவது அனுப்பிவையுங்கள். லேகியம் மட்டும் தனியாக என்ன செய்யும்?

சர்டிபிகேட் கேட்டிருக்கிறீர்கள். சர்க்கார் வேலையில் இருந்து செத்துப்போன பெரியவருக்காக வருகிற பென்சனுக்கு, உயிரோடு இருக்கிற சின்னவரின் பெண்டாட்டி யார் என்று எதற்குக் கேட்கிறார்கள்? எனக்குப் புரியவில்லை. மறைக்காமல் எழுதுங்கள். நான் அதிகாரியிடம் போய் நின்றால் அவரும் இதைத்தான் கேட்பார்.

இப்படிக்கு,
தங்கை வீராயி


டில்லி,
10-10-1982

அன்புள்ள வீராயிக்கு,

இங்கே இருவரும் சுகம். முழங்கால் குளிர் வந்தால் வலிக்கும், இப்போது இல்லை. மாமியார் சொல்வதை மனதில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்காதே.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். என் பென்சன் பணம் கோல் மார்க்கெட் பக்கத்துப் பாங்கில்தான் வந்துகொண்டிருந்தது. மாதா மாதம் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இங்கே காலனிக்குப் பக்கத்தில் ஒரு பாங்கு திறந்தார்கள். அதற்கு மாற்றிக்கொடுங்கள் என்று நானே மனுக் கொடுத்தேன். வீட்டு விலாசத்துக்கு ரேஷன் கார்டு கேட்டார்கள். அதையும் நானேதான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பாங்கில் இருந்த குமாஸ்தா பாபு கார்டைப் பார்த்தார், பென்சன் புத்தகத்தைப் பார்த்தார். 'பெஹன்ஜி, புத்தகத்தில் மூக்கன் விதவை, கார்டில் பச்சைமுத்து மனைவி. இதில் எது நீங்கள்?' என்று கேட்டார்.

எமர்ஜென்சி சமயத்தில் நம் குடிசைகளை இடித்து எங்களை லாரியில் ஏற்றி யமுனைக்கு அக்கரையில் கொண்டுவந்து விட்டது உனக்குத் தெரியும். உன் மூத்தார் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. புருஷன் பெண்டாட்டியாக இருப்பவர்களுக்குத்தான் மனைச் சீட்டு என்றார்கள். தனியாக நிற்கிற விதவைக்கு இல்லை. அதனால் கொழுந்தன் பெயரைக் குடும்பத் தலைவர் என்றும் என் பெயரை மனைவி என்றும் எழுதிவிட்டார்கள். பிறகு ரேஷன் கார்டும் அப்படியே வந்துவிட்டது. வெறும் எழுத்துத்தான் வீராயி. அவர் வேலை நடக்கிற இடத்தில் படுத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து துணி துவைத்துக்கொண்டு ஒரு வேளை சாப்பிட்டுப் போவார். என்னை அண்ணி என்பதைத் தவிர ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லை.

மறுமணம் செய்துகொண்டால் குடும்பப் பென்சன் நின்றுவிடும். நானோ செய்துகொள்ளவில்லை என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது பென்சனை நிறுத்திவிட்டார்கள். எழுபத்தாறு செப்டம்பர் முதல் எழுபத்திரண்டு மாதம் வாங்கியது அதிகப்படிப் பணம், எட்டாயிரத்து நூற்று முப்பத்தாறு ரூபாயைத் திருப்பிக் கட்டு என்று உத்தரவு வந்திருக்கிறது.

அனந்தலக்ஷ்மி அம்மாவின் வீட்டுக்காரர் சேஷன் ஐயா பெரிய ஆபீசர். அவர்தான் மனு எழுதிக் கொடுக்கிறார். கல்யாணமான மனைவி உயிரோடு இருக்கும்போது ஒருவர் இன்னொருத்தியைக் கட்டினால் சட்டப்படி அது கல்யாணமே இல்லையாம். உன் சர்டிபிகேட் ஒன்று போதும், பென்சனும் திரும்ப வரும், கடனும் போய்விடும் என்கிறார். தவறாக எடுத்துக்கொள்ளாதே. நீ கைகொடுத்தால்தான் நான் கரையேற முடியும்.

இப்படிக்கு,
முத்தம்மா


மேட்டுக்குறிச்சி,
29-10-1982

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இங்கே நல்ல மழை, ஏரி நிரம்பியிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆறு வருஷமாக எனக்கு ஒரு சக்களத்தி இருந்திருக்கிறாள், அவள் கையால் ஒரு வாய் காப்பி கூட நான் வாங்கிக் குடிக்கவில்லை. பிறகு கோபம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் இருவர் மேலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு, 'எங்க அண்ணி கோபப்படற மாதிரி மட்டும் நடந்துக்காத' என்று சொன்ன மனிதர் அவர். ஆனால் இதை ஆறு வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை? வருஷத்துக்கு ஒரு முறை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறாரே, அவருக்கு வாய் இல்லையா?

இன்னொன்று கேட்கிறேன். சர்க்கார் ஒரு பைசா வாங்காமலா மனை கொடுத்தது? இங்கே புறம்போக்கில் ஆடு கட்டினாலே வரி கேட்கிறார்கள். அவர் எவ்வளவு கட்டினார்?

கிராம அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். 'சர்டிபிகேட் கேக்கிறது டில்லி ஆபீசு. என்ன ஏதுன்னு தெரியாம நான் சீலு குத்துனா நாளைக்கு என் வேலைக்கில்ல உலை வெப்பாங்க. அந்த உத்தரவு நகலக் கொண்டாம்மா, உடனே தரேன்' என்றார். அதனால் ஆபீஸ் காகிதங்களின் நகலை அனுப்பிவையுங்கள். மறுநாளே வாங்கி அனுப்புகிறேன். எட்டாயிரம் ரூபாய்க்கு நீங்கள் எங்கே போவீர்கள், நான் இருக்கிறேன், தைரியமாக இருங்கள்.

இப்படிக்கு,
தங்கை வீராயி


டில்லி,
20-11-1982

அன்புள்ள வீராயிக்கு,

இருவரும் சுகம். உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள். ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லி முழுவதும் கட்டட வேலை. கொழுந்தன் இரவு பகலாக அங்கேதான் கிடந்தார், தீபாவளிக்குக்கூட விடவில்லை. பொங்கலுக்குக் கட்டாயம் அனுப்புகிறேன்.

ஆபீஸ் காகிதங்கள் எல்லாம் இங்கிலீஷில் இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு அதிகாரி என்ன செய்யப்போகிறார் என்று நான் அனுப்பாமல் இருந்தேன். நகல் இல்லாமலே சர்டிபிகேட் கொடுங்கள் என்று நீ அதிகாரியிடம் பேசிப் பார்த்திருக்கலாம். ஆனால் சேஷன் ஐயா உன் கடிதத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டு, என்னிடம் சொல்லாமலே ஆபீஸ் பைல் முழுவதையும் நகல் எடுத்து உன் பெயருக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டார். நல்ல மனதோடு செய்ததை நான் என்ன சொல்ல முடியும்.

கவர் வந்தால் அப்படியே கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்துவிடு. வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம். நம் குடும்ப விஷயம் ஊர் வாயில் விழ வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். மனைக்கு என்ன கட்டினோம் என்று கேட்டிருந்தாய். அந்தக் குழப்பத்தில் எதுவும் நினைவில்லை.

பென்சன் வராமல் மூன்று மாதம் ஓடிவிட்டது. நான்காவதாக ஒரு வீட்டுப் பாத்திரமும் பிடித்திருக்கிறேன். அந்த லேகியத்தை ரொம்ப நாள் சாப்பிடாதே, வயிற்றைப் புண்ணாக்கிவிடும்.

இப்படிக்கு,
முத்தம்மா


டில்லி,
28-12-1982

அன்புள்ள வீராயிக்கு,

நலமா? ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு கார்டும் வரவில்லை. பூங்கோதைக்கு உடம்பு சரியில்லையோ, மாமியாருக்கு ஏதாவதோ என்று மனது அடித்துக்கொள்கிறது. ரிஜிஸ்தர் கவரை நீ கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை சேஷன் ஐயாவுக்கு வந்துவிட்டது. அதனால் கவர் கிடைத்துவிட்டது என்று தெரிகிறது.

பென்சன் ஆபீசில் பிப்ரவரி கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் சர்டிபிகேட் வராவிட்டால் உத்தரவு உறுதியாகிவிடும்.

கொழுந்தன் பொங்கலுக்கு வருகிறார். நீ எதுவும் எழுதாததால் அவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. கோபம் இருந்தாலும் எழுது.

இப்படிக்கு,
முத்தம்மா


மேட்டுக்குறிச்சி,
23-1-1983

அக்காவுக்கு,

கவர் நவம்பர் கடைசியிலேயே வந்துவிட்டது. யாரிடமும் வாசிக்கக் கொடுக்காதே என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால், மடித்தபடியே அதிகாரி மேஜையில் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போயிருப்பேன்.

எங்கள் சத்துணவு அமைப்பாளர் பாலசுப்ரமணியம் சாரிடம் கொடுத்தேன். பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு உட்கார்ந்து படித்தார். முதல் காகிதம் பென்சன் உத்தரவு என்றார். இரண்டாவது ரேஷன் கார்டு என்றார். மூன்றாவது, மனை கொடுத்தபோது காலனி ஆபீசில் வாங்கி வைத்த காகிதத்தின் நகல். அதைப் படித்துவிட்டு மடித்து என்னிடம் நீட்டினார். 'இத உங்க வீட்டுக்காரரு வந்ததும் அவருகிட்டயே கேட்டுக்கங்கம்மா' என்றார். 'தல சுத்தி விழ மாட்டேன் சார், படிங்க' என்றேன்.

படித்தார். பதினான்கு ஒன்பது எழுபத்தாறு. குடும்பக் கட்டுப்பாடு முகாம். ஆபரேஷன் செய்துகொண்டவர் பச்சைமுத்து, வயது இருபத்தெட்டு. மனைவி முத்தம்மா. பிள்ளைகள் மூன்று. ஆபரேஷனுக்காகக் கொடுத்தது எழுபத்தைந்து ரூபாய், ஒரு டின் நெய், ஒரு மனைச் சீட்டு.

அந்த நெய் டின் எனக்குத் தெரியும். அடுத்து வந்த பொங்கலுக்கு அதை அவர் பையில் வைத்துக் கொண்டுவந்தார். டில்லி நெய் என்று தெருவெல்லாம் காட்டினேன். அதில்தான் மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். ஆண்குழந்தை வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போட்டேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தார். பசியோடு வந்த மனிதர் என்று முதலில் சோறு போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் காகிதத்தை முன்னால் வைத்தேன். படிக்கத் தெரியாதவர்தான், ஆனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 'சொல்லிடலாம்னுதான் ஒவ்வொரு வருசமும் வருவேன்' என்றார். மூன்று நாளும் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார். மாட்டுப் பொங்கல் அன்றைக்கே ரயிலுக்குப் போய்விட்டார்.

அவர் ஆண்பிள்ளை, சொல்ல வெட்கம். விட்டுவிடுகிறேன். நீங்கள் பெண்பிள்ளைதானே அக்கா? ஆறு வருஷமாக நான் தின்ற மருந்து, மிதித்த தீ, கேட்ட பேச்சு எல்லாவற்றையும் உங்களுக்குத்தானே எழுதினேன்? நீங்களும் வைத்தியருக்குக் கொடு என்று இரண்டு முறை பத்துப் பத்து ரூபாய் அனுப்பினீர்கள். அதை நினைத்துத்தான் அழுதேன். அவரை நினைத்துக்கூட அவ்வளவு அழவில்லை.

வீராயி


டில்லி,
6-2-1983

வீராயிக்கு,

நீ சுகமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

லாரியில் கொண்டுவந்து எங்களை இறக்கியது வெறும் பொட்டல். மேஜை போட்டு ஒரு பாபு உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் சீட்டுக் காட்டினால் மனைச் சீட்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் செய்துகொள்கிறேன் என்று சொன்னேன். விதவை கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். நான்கு ராத்திரி தட்டுமுட்டுச் சாமான்களோடு வானத்தடியில் கிடந்தேன். அப்போது கொழுந்தன் டில்லிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 'ஊருக்கே போயிடறேன் தம்பி' என்றேன். 'ஊருல என்ன இருக்கு அண்ணி? அண்ணன் செத்ததுக்கு அங்க ஒரு முழத் துணி எடுத்துத் தந்தாங்களா?' என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் காலை அகட்டி நடந்து வந்தார். கையில் நெய் டின். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகாமில் எழுதினவன் மூன்று பிள்ளை என்று தானாகவே போட்டுக்கொண்டானாம். மூன்று இருந்தால்தான் அவனுக்குக் கணக்குச் சரியாகுமாம்.

'வீராயிக்குச் சொல்லாதீங்க, நானே சொல்லிக்கறேன்' என்றார். அதை நம்பினேன் என்று எழுதினால் பொய். முதல் வருஷம் நம்பினேன். பிறகு அவர் சொல்லவில்லை என்று தெரிந்தும் இருந்துவிட்டேன். உனக்குத் தெரிந்தால் அந்த வீடு வேண்டாம், கிளம்பி வா என்று அவரைக் கூப்பிட்டுக்கொள்வாய், நான் தனியாக நிற்பேன் என்று பயந்தேன். உன் மருந்துக்குப் பணம் அனுப்பியது தெரிந்தேதான். ஏதாவது அனுப்பாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. சேஷன் ஐயா இன்னொன்றும் சொன்னார். உன் சர்டிபிகேட்டைக் கொடுத்தால் பென்சன் ஆபீசில் நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் நான் அவர் மனைவி இல்லை என்று ஆகிவிட்டால், மனைவி என்று சொல்லி வாங்கிய மனை பொய் சொல்லி வாங்கியதாகும். பென்சன் ஆபீசிலிருந்தே காலனி ஆபீசுக்குக் காகிதம் போகும். மனையைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். மனையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மறுமணம் செய்துகொண்டேன் என்று ஒப்புக்கொண்டு கடனைக் கட்ட வேண்டும்.

அந்த வீடு போனால் போகட்டும். உன் வயிறு எரிந்த பிறகு அதில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. லோதி ரோட்டில் யார் வீட்டுக் கொல்லைப்புறத்திலாவது ஒண்டிக்கொள்கிறேன். நீ மனது வைத்தால் சர்டிபிகேட்டை அனுப்பு. வைக்காவிட்டாலும் நான் கேட்க முடியாது.

முத்தம்மா


மேட்டுக்குறிச்சி,
17-2-1983

அக்காவுக்கு,

வீடு போனால் போகட்டும் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? போகச் சொல்ல அது உங்கள் வீடா? அதற்கு நீங்கள் ஒரு பைசா கொடுத்தீர்களா? கொடுத்தது நான். என்னைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தீர்கள். கொடுத்ததை இனி எந்த ஆபீசும் திருப்பித் தராது. அதற்குப் பதிலாக வாங்கியதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் பென்சனை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பார்க்கிறீர்களா?

சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். உத்தரவு நகலைக் காட்டியதும் அதிகாரி சொன்னபடியே உடனே சீல் வைத்துக் கொடுத்தார். என் பெட்டியில் இருக்கிறது. அங்கேயேதான் இருக்கும்.

நீங்கள் பென்சன் ஆபீசுக்குப் போய், ஆமாம், கட்டிக்கொண்டேன் என்று எழுதிக் கொடுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடனைத் தவணையில் கட்டுகிறேன் என்று கேளுங்கள். என் சம்பளத்தில் பாதி, மாதம் முப்பது ரூபாய், நான் அனுப்புகிறேன். மீதியை அவர் கட்டட்டும், நீங்களும் கட்டுங்கள். அந்த வீடு பூங்கோதைக்கு. அவள் பெரியவளாகி அதில் குடியிருப்பாளோ விற்பாளோ அவள் பாடு. நீங்கள் இருக்கிற வரைக்கும் அதிலேயே இருங்கள். உங்களைத் தெருவில் நிறுத்துகிற அளவுக்கு எனக்குக் கல் மனது இல்லை, வேண்டும் என்று முயன்று பார்த்தேன், வரவில்லை.

மாமியாரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேற்றும், 'உன் வயிறு தூந்த கெணறாடி' என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் கிழவி அன்றைக்கே வாயை மூடியிருப்பாள். ஆனால் அப்புறம் அவர் இந்த ஊர் டீக்கடையில் உட்கார முடியாது. நான் பேச்சுக் கேட்டுப் பழகியவள். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மிச்சமிருந்த லேகியத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். இருபத்தேழு ரூபாய் லேகியம்.

வீராயி


டில்லி,
25-3-1983

அன்புள்ள வீராயிக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி, கடைசி நாளில் போனேன். கொழுந்தன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஆபீசில் ஒரு பாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பாபு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். மறுமணம் செய்துகொண்டது உண்மையா? உண்மை. யாரோடு? பெயரைச் சொன்னேன். உன் புருஷன் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கல்யாணம் நடந்த தேதி என்ன என்று கேட்டார். அதை நான் முன்கூட்டி யோசித்துக்கொண்டு போகவில்லை. கொழுந்தனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாபு, 'ஜல்தி போலோ', சீக்கிரம் சொல்லு என்றார். எனக்கு வேறு எந்தத் தேதியும் வாயில் வரவில்லை. பதினான்கு ஒன்பது எழுபத்தாறு என்றேன். எழுதிக்கொண்டார்.

எழுபத்திரண்டு மாதம் வாங்கியதை எழுபத்திரண்டு தவணையில் கட்ட வேண்டும். மாதம் நூற்றுப் பதின்மூன்று ரூபாய், ஏப்ரல் முதல். ஒரு மாதம் தவறினாலும் பொய்க் கையெழுத்துக்காக வழக்குப் போடுவார்கள். பென்சன் புத்தகத்தை வாங்கிக் குறுக்கே கோடு போட்டு வைத்துக்கொண்டார்கள். உன் மூத்தாரின் பெயரும் என் பெயரும் சேர்ந்து இருந்தது அது ஒன்றில்தான். ஒரு நகலாவது கொடுங்கள் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

அனந்தலக்ஷ்மி அம்மா வீட்டு வேலை போய்விட்டது. 'கல்யாணமே ஆகலைன்னு எங்காத்துக்காரர் கையால பொய் மனு எழுத வெச்சுட்டியே, முத்தம்மா' என்றார்கள். இல்லை என்று சொன்னால் வீட்டுக் கதை வெளியே வரும். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு வீடு பார்க்கிறேன்.

காலனி ஆபீசிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கார்டும் வாக்குமூலமும் ஒன்றாக இருக்கிறது, சரி என்றார்கள். வீட்டுக்கு இனி பயமில்லை. விசாரிக்க வருகிறவர்கள் தபால்காரரையும் கேட்கிறார்களாம். அதனால் பணம் அனுப்பினால் கார்டில் உள்ளபடி விலாசம் எழுதினால் நல்லது என்று கொழுந்தன் சொல்லச் சொன்னார். உன்னிடம் இதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. முடியாவிட்டால் என் பெயரை மட்டும் போட்டு அனுப்பு.

இப்படிக்கு,
முத்தம்மா


மேட்டுக்குறிச்சி,
8-4-1983

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பூங்கோதையும் சுகம். மாமியாருக்கு இருமல், பேச்சுக்கு ஒன்றும் குறைவில்லை. உங்களுக்கு வேலை போனது கேட்டு வருத்தப்பட்டேன். வருத்தப்படக் கூடாது என்றுதான் இருந்தேன்.

சம்பளம் வாங்கிய கையோடு தபாலாபீசுக்குப் போனேன். மணியார்டர் பாரத்தை யாரிடமும் எழுதக் கொடுக்கவில்லை, நானே எழுதினேன். ரூபாய் முப்பது. முத்தம்மா. அடுத்த வரியில் க/பெ பச்சைமுத்து. பேனா கொஞ்சம் நின்றது, பிறகு எழுதிவிட்டேன்.

போஸ்ட்மாஸ்டர் ராஜசேகரன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். 'ஏம்மா வீராயி, இது உங்க வீட்டுக்காரரு பேராச்சே?' என்று கேட்டார். 'ஒரே பேருல ரெண்டு ஆம்பளைங்க இருக்கக் கூடாதா சார்?' என்றேன். 'அதுவும் சரிதான்' என்று சீல் குத்தி ரசீது கொடுத்தார்.

இனி மாதா மாதம் இப்படியே எழுதி அனுப்புகிறேன். அவரைச் சாரத்தில் பார்த்து ஏறச் சொல்லுங்கள். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் எழுபத்தொரு தவணை இருக்கிறது.

இப்படிக்கு,
வீராயி